ஜூன் 30-க்குள் ஒரு படம்
(வரிச் சலுகையில் வளர்ந்த சினிமா: அத்தியாயம் 7)

சென்ற வாரம் கனடாவில் நிறுத்தியிருந்தோம். 1974-இல் அங்கே வந்த நூறு சதவீதக் கழிவு பல் மருத்துவர்களைக்கூடப் பட முதலாளிகளாக்கிய கதையைப் பார்த்தோம். ஆண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் டேவிட் குரோனன்பெர்க் 'ஸ்கேனர்ஸ்' படத்தின் திரைக்கதையை முடிக்காமலே படப்பிடிப்பைத் தொடங்கியதையும் பார்த்தோம். கனடா கொடுத்தது நூறுக்கு நூறு. நூறு போட்டால் நூற்றைம்பதாகக் கணக்கில் எழுதிக்கொள் என்று சொன்ன நாடு ஒன்று உண்டு. அது ஆஸ்திரேலியா.

அந்த நாட்டுக்கும் சினிமாவுக்கும் பழைய உறவு. 1906-இல் மெல்போர்னில் திரையிடப்பட்ட 'தி ஸ்டோரி ஆஃப் தி கெல்லி கேங்', ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய உலகின் முதல் முழுநீளக் கதைப்படம். அவ்வளவு முன்னால் தொடங்கியவர்கள் பிறகு பல பத்தாண்டுகள் ஏறத்தாழ ஓய்ந்தே போனார்கள். திரையரங்குகளில் ஹாலிவுட் படமும் பிரிட்டிஷ் படமும் ஓடின. தங்கள் பேச்சையும் தங்கள் நிலத்தையும் திரையில் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. 1970-இல் ஜான் கார்ட்டன் அரசு திரைப்பட வளர்ச்சிக் கழகம் ஒன்றை அமைத்தது. 1975-இல் அதன் இடத்தில் ஆஸ்திரேலியத் திரைப்பட ஆணையம் வந்தது. அரசுப் பணம் நேரடியாகப் படங்களுக்குள் போயிற்று. பீட்டர் வியரின் 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்', கில்லியன் ஆம்ஸ்ட்ராங்கின் 'மை பிரில்லியண்ட் கேரியர்', புரூஸ் பெரஸ்ஃபோர்டின் 'பிரேக்கர் மொரன்ட்' எல்லாம் அந்தப் பத்தாண்டின் பயிர்.

ஆனால் அரசு கொடுத்துக்கொண்டே இருக்க முடியுமா? மால்கம் ஃபிரேசரின் அரசு செலவைச் சுருக்க வந்த அரசு. மானியத்துக்குப் பதிலாகத் தனியார் பணத்தைப் படத்துறைக்குள் இழுக்க விரும்பியது. 1978-இல் ஒரு சிறு சலுகை கொடுத்துப் பார்த்தது: படத்தில் போட்ட முதலை இரண்டே ஆண்டுகளில் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதில் பெரிய பலன் இல்லை. 1980 அக்டோபர் தேர்தலை ஒட்டி அடுத்த வாக்குறுதி வந்தது. 1981-இல் அது சட்டமாயிற்று. வருமான வரிச் சட்டத்தில் அது நுழைந்த பகுதியின் பெயர் 10 பி.ஏ. ஆஸ்திரேலியப் படத்துறையில் ஒரு காலகட்டத்துக்கே அந்த இரண்டு எழுத்தும் எண்ணும் பெயராக நிலைத்துவிட்டன.

அப்போதைய சூழலையும் சொல்லியாக வேண்டும். எழுபதுகளின் ஆஸ்திரேலியாவில் வரி ஏய்ப்பு ஒரு தொழிலாகவே நடந்தது. லாபமுள்ள ஒரு நிறுவனத்தின் சொத்தையெல்லாம் உருவிவிட்டு, வரிப்பாக்கியோடு வெறும் கூட்டை யாரோ ஒருவர் பெயருக்கு மாற்றிவிடுவார்கள். வரித்துறை தேடி வரும்போது கணக்குப் புத்தகமும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார். சிட்னி துறைமுகத்தின் அடியில் மூழ்கடிப்பது என்று அதற்குப் பெயர். துறைமுகத் தொழிற்சங்கம் ஒன்றை விசாரிக்க 1980-இல் அமைக்கப்பட்ட காஸ்டிகன் ஆணையம் தோண்டத் தோண்ட இந்த மோசடியின் ஆழம் வெளியே வந்தது. வரி கட்டாமல் தப்பிக்க வழி தேடும் பணக்காரர்களும், வழி காட்டிப் பிழைக்கும் ஆடிட்டர்களும், வழக்கறிஞர்களும் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தார்கள். அவர்கள் கையில்தான் அரசு, சட்டபூர்வமான வழியாக, சினிமாவைக் கொடுத்தது.

சலுகை எப்படி வேலை செய்தது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். இதைத் தாண்டிப் போனால் பின்னால் நடந்தது எதுவும் புரியாது.

சிட்னியில் சொந்தமாக மருத்துவமனை நடத்தும் ஒரு மருத்துவர் என்று வைத்துக்கொள்வோம். அன்று ஆண்டு வருமானம் சுமார் 35 ஆயிரம் டாலரைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் 60 சென்ட் வரி. அவர் ஒரு படத்தில் 10,000 டாலர் போடுகிறார். சட்டம் அதை 15,000 டாலர் செலவாக எடுத்துக்கொள்கிறது. வரிக்குரிய வருமானத்தில் 15,000 குறைந்தால் வரியில் 9,000 மிச்சம். ஆக, அவர் கையிலிருந்து உண்மையில் போனது ஆயிரம் டாலர்தான். அத்தோடு முடியவில்லை. படத்திலிருந்து திரும்பி வரும் பணத்தில், முதலீட்டில் பாதி அளவுக்கு, அதாவது 5,000 டாலர் வரைக்கும் வரி கிடையாது. அப்படியென்றால் படம் பத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தாலே மருத்துவருக்கு நட்டம் இல்லை. அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம்.

இதைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வராமல் மறுபடியும் கூட்டினேன். ஒரு கோடி டாலர் படம் பத்து லட்சம் டாலர் மட்டும் வசூலித்தால் நம் ஊரில் அதற்குப் பெயர் படுதோல்வி. அங்கே அந்தப் படத்தின் முதலீட்டாளர் நிம்மதியாக இருந்தார். மீதிப் பணத்தில் பெரும்பகுதியை இழந்தது அரசுக் கருவூலம். அதாவது அந்தப் படத்தைப் பார்த்தவர்களும் பார்க்காதவர்களுமான ஆஸ்திரேலியக் குடிமக்கள்.

பணம் போடுவதற்கு முன் ஒரு நிபந்தனை இருந்தது. படம் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில் எடுக்கப்பட வேண்டும். அதன் உள்ளடக்கம் ஆஸ்திரேலியத்தன்மை கொண்டிருக்க வேண்டும். இதற்கு அரசிடம் முதலில் தற்காலிகச் சான்றிதழ், படம் முடிந்தபின் இறுதிச் சான்றிதழ். கதைப்படம், தொலைக்காட்சிப் படம், ஆவணப்படம், சில வாரங்களில் முடியும் குறுந்தொடர் ஆகியவற்றுக்குச் சலுகை உண்டு. ஆண்டுக்கணக்கில் இழுக்கும் நெடுந்தொடருக்குக் கிடையாது. இந்த ஒரு வரி ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியையே மாற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு நிபந்தனைதான் விபரீதமாயிற்று. தொடக்கத்தில் இருந்த விதிப்படி, பணம் போட்ட நிதியாண்டுக்குள்ளேயே படம் முடிந்து, வருமானம் ஈட்டும் நிலைக்கு வந்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. படமெடுத்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். ஜூலையில் பணம் திரட்ட அலைய வேண்டும். வசந்தமும் கோடையும் வந்ததும் நாட்டிலுள்ள எல்லா யூனிட்டும் ஒரே நேரத்தில் படப்பிடிப்புக்குக் கிளம்பும். கேமரா கிடைக்காது, ஒளிப்பதிவாளர் கிடைக்க மாட்டார், லைட்மேன் கிடைக்க மாட்டார். கிடைத்தவர்களின் சம்பளம் ஏறும். நேற்றுவரை உதவியாளராக இருந்தவர் இன்று ஒரு துறைக்கே பொறுப்பாளர். கோடை முடிந்தால் படத்தொகுப்பு அறைகளிலும் லேபிலும் நெரிசல். அடுத்த சில மாதங்கள் எல்லோரும் வேலையின்றி இருப்பார்கள். பிறகு மறுபடியும் அதே ஓட்டம். திரைக்கதையைத் திருத்தி எழுத, நடிகர்களோடு உட்கார்ந்து ஒத்திகை பார்க்க யாருக்கும் அவகாசம் இல்லை. பிறகு விதியைத் தளர்த்திப் படத்தை முடிக்க இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். உடனே ஓட்டம் வேறு இடத்துக்கு மாறியது. நம் ஊரில் மார்ச் மாதம் வந்தால் வருமான வரிச் சேமிப்புக்காகக் காப்பீட்டு பாலிசி தேடி ஓடுவார்களே, அதுபோல அங்கே ஜூன் மாதக் கடைசி வாரங்களில் பணக்காரர்கள் படம் தேடினார்கள். ஆண்டின் பதினொரு மாதம் முதலுக்குத் தவித்த தயாரிப்பாளர், அந்தச் சில நாட்களில் வந்த பணத்தைக் கொண்டு எது ஆயத்தமாக இருந்ததோ அதை எடுத்தார்.

இதனால் மோசமான படங்கள் வந்தன என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. ஆழமான கோளாறு தயாரிப்பாளரின் நிலையில் நேர்ந்தது. படம் ஓடினால்தான் தயாரிப்பாளருக்குக் காசு என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். 10 பி.ஏ. காலத்தில் தயாரிப்பாளர் தம் ஊதியத்தைப் பட்ஜெட்டிலேயே எழுதிக்கொண்டார். முதலீட்டுத் திட்ட அறிக்கை தயாரித்த வழக்கறிஞர், பங்குத் தரகர், ஆடிட்டர் எல்லோருக்கும் கூலி பட்ஜெட்டிலிருந்தே போனது. பட்ஜெட் பெரிதானால் எல்லோருக்கும் பங்கு பெரிது. முதலீட்டாளருக்கும் கழிவு பெரிது. படம் திரையைத் தொடுவதற்கு முன்பே எல்லோருடைய கணக்கும் முடிந்துவிட்டது. பார்வையாளர் வரவேண்டிய தேவையே யாருக்கும் இல்லை. எத்தனையோ படங்கள் திரையரங்குக்கு வராமல் பெட்டிக்குள்ளேயே தூங்கின. சில வீடியோ கடைகளின் அடுக்கில் ஒதுங்கின.

இந்த இடத்தில் நம் ஊர்ச் சலுகை ஒன்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். 2006-இல் தமிழ்நாட்டில் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு வந்தது நினைவிருக்கும். அதன் நன்மை தீமைகள் தனிக்கதை. ஆனால் அந்த விலக்கு டிக்கெட் விற்ற பிறகே பயன் தந்தது. ஆள் வராத படத்துக்கு அதனால் ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. 10 பி.ஏ. அதற்கு நேர்மாறு, டிக்கெட் கவுண்டர் திறப்பதற்கு முன்பே அதன் வேலை முடிந்தது.

இப்போது குறுந்தொடருக்கு வருகிறேன். இந்த வரலாற்றில் என் மனம் அதிகம் தங்கிய இடம் இதுதான்.

நெடுந்தொடருக்குச் சலுகை இல்லை, குறுந்தொடருக்கு உண்டு என்றதும் தொலைக்காட்சி நிறுவனங்களும் தயாரிப்பாளர்களும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். சில வாரங்களில் சொல்லி முடிக்க வேண்டும், ஆஸ்திரேலியத்தன்மையும் வேண்டும் என்றால் எதை எடுப்பது? சொந்த வரலாற்றை. பள்ளிப் புத்தகத்திலும் தாத்தாக்களின் பேச்சிலும் மட்டும் இருந்தவை வீட்டுக்கூடத்துக்கு வந்தன. முதல் உலகப்போரில் போன ஆஸ்திரேலியச் சிப்பாய்களைப் பற்றி 'ஆன்சாக்ஸ்'. வியட்நாம் போர் ஒரு குடும்பத்தை உடைத்ததைப் பற்றி 'வியட்நாம்'. 1932-33 கிரிக்கெட் பருவத்தைப் பற்றி 'பாடிலைன்'. இந்தக் கடைசித் தொடரின் கதை நமக்கும் அந்நியமில்லை. பிராட்மேனை அடக்க உடம்பைக் குறிவைத்துப் பந்துவீசச் சொன்ன இங்கிலாந்துத் தலைவர் டக்ளஸ் ஜார்டின் பம்பாயில் பிறந்தவர். அவருடைய அணியில் சிட்னியில் சதம் அடித்துவிட்டு, அந்த வியூகத்தில் நிற்க மறுத்தவர் பட்டோடி நவாப். ஜார்டினாக நடித்த இளைஞர் ஹியூகோ வீவிங். பின்னாளில் 'மேட்ரிக்ஸ்' பார்த்தவர்களுக்கு அந்த முகம் தெரியும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது 'தி டிஸ்மிஸல்'. 1975 நவம்பர் 11 அன்று, மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் கஃப் விட்லமை கவர்னர் ஜெனரல் ஜான் கெர் பதவிநீக்கம் செய்தார். அவர் இடத்தில் அமர்த்தப்பட்டவர் மால்கம் ஃபிரேசர். ஆம், 10 பி.ஏ. கொண்டுவந்த அதே ஃபிரேசர். அந்த நாளின் காயம் ஆறுவதற்குள், 'மேட் மேக்ஸ்' எடுத்த கென்னடி மில்லர் நிறுவனம் அந்த நிகழ்வைத் தொடராக எடுத்தது. ஒளிபரப்பு ஆயத்தமான நேரத்தில் ஃபிரேசர் தேர்தலை அறிவித்துவிட்டார். தேர்தல் முடியட்டும் என்று தொலைக்காட்சி ஒத்திவைத்தது. 1983 மார்ச் 5 அன்று வாக்குப்பதிவு, ஃபிரேசர் தோற்றார். மறுநாள் இரவு, அவர் எப்படி ஆட்சிக்கு வந்தார் என்பதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஆட்சியாளரின் வரலாற்றை விசாரிக்கும் ஒரு படைப்பு, அந்த ஆட்சியாளரே திறந்துவிட்ட வரிவழியில் பிறக்க முடிந்தது. மானியக் குழு ஒன்று உட்கார்ந்து கதையைப் படித்துப் பணம் கொடுக்கும் முறையில் இது நடந்திருக்குமா? எனக்கு ஐயமே. 10 பி.ஏ.யின் குறைகளை அடுக்குகிறவர்கள் இதையும் எதிர்த்தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும்.

புதிதாக வந்த பாப் ஹாக்கின் தொழிற்கட்சி அரசு சலுகையை ஒரேயடியாக வெட்டவில்லை, படிப்படியாகக் குறைத்தது. 1983-இல் 150 சதவீதம் 133 ஆயிற்று. 1985-இல் 120. நம் மருத்துவரிடம் திரும்புவோம். பத்தாயிரம் போட்டால் முதலில் ஆயிரம்தான் அவர் தலையில். 133-இல் ஏறத்தாழ இரண்டாயிரம். 120-இல் 2,800. அவர் இப்போது, கதை என்ன, நடிப்பது யார், தொலைக்காட்சி உரிமை முன்கூட்டியே விற்றாயிற்றா என்று கேட்கத் தொடங்கினார். தயாரிப்பாளர்கள் அதைச் சலுகையின் வீழ்ச்சி என்று புலம்பினார்கள். பணம் போடுகிறவர் கேள்வி கேட்கத் தொடங்கியதை வீழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனமில்லை.

சலுகை தேய்ந்துகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் அதன் மிகப்பெரிய வெற்றி வந்தது. பால் ஹோகன், சிட்னி துறைமுகப் பாலத்தில் உயரத்தில் ஏறி வேலை செய்தவர்; பிறகு தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர். அவரும் நண்பர் ஜான் கார்னெலும் சேர்ந்து, காட்டிலிருந்து நியூயார்க்குக்குப் போகும் முதலை வேட்டைக்காரன் ஒருவனின் கதையை எடுத்தார்கள். 'கிராக்கடைல் டண்டி'. செலவு சுமார் 88 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். பணம் போட்டவர்கள் ஏறத்தாழ 1,400 பேர், ஹோகன் உட்பட. 1986-இல் வெளியான அந்தப் படம் உலகெங்கும் 32 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வசூலித்தது. அமெரிக்காவில் அந்த ஆண்டு அதற்கு முன்னால் நின்ற ஒரே படம் 'டாப் கன்'. வரியை மிச்சப்படுத்தப் பணம் போட்டவர்களுக்கு உண்மையாகவே லாபம் வந்தது. 'தி டிஸ்மிஸல்' தொடரில் கெர்ராக நடித்த ஜான் மெய்லன்தான் இதில் டண்டியின் கூட்டாளி வாலி.

ஒரு டண்டியைக் காட்டி ஒரு சட்டத்தை நியாயப்படுத்த முடியாது என்பதும் உண்மை. விமர்சகர் டேவிட் ஸ்ட்ராட்டன் அந்தப் பத்தாண்டின் படங்களைப் பற்றி 1990-இல் ஒரு நூல் எழுதினார். தலைப்பு 'அவகாடோ தோட்டம்'. வரிக் கழிவு தேடியவர்களுக்குப் படத்தில் போட்டாலும் அவகாடோ தோட்டத்தில் போட்டாலும் ஒன்றுதான் என்ற வேதனை அந்தத் தலைப்பில் இருக்கிறது.

அந்த வேதனையை மதிக்கிறேன். என் தீர்ப்பு மட்டும் சற்று வேறு. 10 பி.ஏ. படங்களை வளர்க்கவில்லை, படமெடுக்கத் தெரிந்தவர்களை வளர்த்தது. 1983-இல் வந்த 'பி.எம்.எக்ஸ். பேண்டிட்ஸ்' சைக்கிள் ஓட்டும் சிறுவர்களைப் பற்றிய எளிய படம். அதில் நடித்த பதின்வயதுப் பெண் நிக்கோல் கிட்மன். ஒளிப்பதிவாளர் ஜான் சீல். 1997-இல் 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர் அவர். 'மேட் மேக்ஸ் 2' படத்தையும், ராட்சதக் காட்டுப்பன்றி மனிதரைத் தின்னும் 'ரேசர்பேக்' படத்தையும் ஒளிப்பதிவு செய்த டீன் செம்லர், 1991-இல் 'டான்ஸஸ் வித் வுல்வ்ஸ்' படத்துக்காக வாங்கினார். டண்டியைப் படம்பிடித்த ரஸ்ஸல் பாய்ட், 2004-இல் பீட்டர் வியரின் 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' படத்துக்காக. இவர்களில் சிலர் எழுபதுகளிலேயே தொழில் கற்றவர்கள்தான். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு இடைவிடாமல் படம் இருந்ததால்தான் கை பழகியது. வெயிலில், புழுதியில், பணமும் நேரமும் பற்றாத படங்களில் கற்ற வேகம் அது. கிளாப் அடிப்பவர் முதல் ஒலிப்பதிவாளர் வரை நூற்றுக்கணக்கானவர்கள் அப்படியே உருவானார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயரை எந்த நூலும் எழுதவில்லை.

1988-இல் கழிவு வெறும் நூறு சதவீதமாயிற்று. அதற்குள் உச்ச வருமான வரியும் 49 சதவீதமாகக் குறைந்திருந்தது. பத்தாயிரத்தில் பாதிக்கு மேல் தன் பணம் என்றானதும் மருத்துவர் விலகிக்கொண்டார். அதே ஆண்டு அரசு திரைப்பட நிதிக் கழகத்தைத் தொடங்கித் தானே முதலீட்டாளராக வந்தது. 'ஸ்ட்ரிக்ட்லி பால்ரூம்', 'பிரிசில்லா' போன்ற தொண்ணூறுகளின் படங்கள் அதன் பணத்தில் வந்தவை.

10 பி.ஏ. மட்டும் யாரும் அதிகம் தொடாமல் சட்டப் புத்தகத்தில் இன்னும் இருபது ஆண்டு கிடந்தது. 2007-இல் அதை மூடிவிட்டுப் புது முறை கொண்டுவந்தார்கள். இப்போது சலுகை முதலீட்டாளருக்கு இல்லை. படத்தை எடுத்து முடித்த நிறுவனத்துக்கு. ஆஸ்திரேலியாவில் செலவழித்த தொகையில் கதைப்படத்துக்கு 40 சதவீதமும் தொலைக்காட்சிக்குத் தொடக்கத்தில் 20 சதவீதமும், 2021 முதல் 30 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். கதைப்படத்துக்கு அந்தத் தொகை வேண்டுமென்றால், திரையரங்கில் வெளியிடும் நோக்கத்தோடு படம் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்தியாவில் எடுக்கப்படும் வெளிநாட்டுப் படங்களுக்குச் செலவில் 40 சதவீதம் வரை, 30 கோடி ரூபாய் உச்சவரம்போடு, திருப்பித் தருவதாக 2023-இல் நம் ஒன்றிய அரசும் அறிவித்திருக்கிறது. மாநிலங்களும் மானியங்களை அறிவித்து வருகின்றன. இத்தகைய அறிவிப்பை இனி நாளிதழில் காணும்போது, அந்தப் பணம் கைமாறுவது எந்த நாளில், யார் கைக்கு என்ற இரண்டை மட்டும் தேடிப் படியுங்கள்.

அடுத்த வாரம், வரிச் சலுகையையே ஒரு பத்திரமாக்கி இன்னொருவருக்கு விற்கலாம் என்று அனுமதித்த லூசியானா மாநிலத்துக்குப் போகிறோம்.

(தொடரும்)